லைன் தொல்லை

இரண்டு வருடத்துக்கு முன்பு, காப்பிப் பழம் பறிக்கிற மார்கழிக் குளிரில், ஏற்காட்டில் நடந்தது இது. நாகலூர் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் கால் மணி நேரம் நடந்தால் ஒரு பழைய பங்களா வரும். அங்கே நான் இரண்டு மாதம் குடியிருந்தேன். இதை எழுத உட்காரும்போது கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை. எழுத்தில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீசுக்கு வரவேண்டாம், எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நிரந்தரமாக ஒரு விலாசம் கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் தெருவில் மூன்று மாதம், கொச்சியில் கோட்டைப் பக்கம் நான்கு மாதம் என்று, வெள்ளைக்காரன் விட்டுப்போன ஊர்களாகத் தேடித் தேடிப் போய்த் தங்குவேன். உயரமான கூரை, பெரிய பெரிய ஜன்னல், மிதித்தால் சத்தம் போடுகிற மரப்படி, இதெல்லாம் எனக்குப் பைத்தியம். டிஜிட்டல் நாடோடி என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "எந்த நாடோடியா இருந்தா என்ன, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் வாய் நிற்காது.

பங்களாவை இன்டர்நெட்டில் விளம்பரம் பார்த்துத்தான் பிடித்தேன். பிரிட்டிஷ் காலத்துக் கட்டடம், பூரண அமைதி, அதிவேக இன்டர்நெட் என்று போட்டிருந்தது. முதலாளி பெங்களூரில் இருக்கிறார். இங்கே எல்லாவற்றையும் கவனிப்பவர் ரைட்டர். எஸ்டேட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து, பேர் பதிகிறவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்றைக்கு அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்.

"மேல பங்களாங்க. கீழ லைனுங்க. லைன் பக்கம் உங்களுக்கு ஒண்ணும் வேலை இருக்காதுங்க."

அவர் கை காட்டிய திசையில் ஒரு மின்கம்பம் இருந்தது. அதிலிருந்து நாலைந்து ஒயர்கள் பங்களாவை நோக்கி வந்தன. சரி, ஒயரைத் தொடாதே என்கிறார் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். கம்பத்துக்குப் பின்னால் ஆறு வீடுகள் ஒரே வரிசையில், ஒரே கூரையின் கீழ் இருந்தன. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற வீடுகள். நான் அவற்றைக் கீழ் வீடுகள் என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவற்றுக்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

எனக்கு வேலை மத்தியானம் தொடங்கி இரவு வரை. நான்கு மணிக்கு வெளிநாட்டு ஆட்களோடு தினமும் மீட்டிங். அந்த நான்கு மணிக்குத்தான் இன்டர்நெட் போகும். மூன்று ஐம்பத்தைந்துக்கு நன்றாக இருக்கும். நான்கு அடித்து ஒன்றிரண்டு நிமிடத்தில் மோடம் பெட்டியில் பச்சை விளக்கு அணையும், சிவப்பு எரியும், மறுபடி அணையும். ஐந்து மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும். ரைட்டரிடம் போய்ச் சொன்னேன். "மலைன்னா அப்படித்தாங்க" என்றார். மறுநாளும் சொன்னேன். அதே பதில். மூன்றாவது நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் வானத்தைப் பார்த்தார். மலைக்கு மணி பார்க்கத் தெரியுமா, அதென்ன தினமும் நாலு மணிக்கு மட்டும் மலை என்று கத்திவிட்டு வந்தேன்.

வேறு வழியில்லாமல் செல்போன் சிக்னலைத் தேடினேன். லேப்டாப்பை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு எஸ்டேட் முழுக்க அலைந்தேன். பங்களாவைச் சுற்றி ஒரு புள்ளிகூட வரவில்லை. கடைசியில் கீழ் வீடுகளில் முதல் வீட்டு வாசலுக்கு வந்தபோது மூன்று புள்ளி வந்தது. அப்படியே அங்கே நின்றபடி மீட்டிங் பேசத் தொடங்கிவிட்டேன். யார் வீட்டு வாசல், கேட்டுவிட்டு நிற்கவேண்டுமே என்றெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

அந்த வீட்டு அக்கா பழம் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் பேசி முடிக்கும் வரை கோழிகளைச் சத்தமில்லாமல் விரட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் ஒரு டம்ளர் காப்பியை நீட்டினார்.

"நொம்ப நேரமா நின்னுட்டே பேசறீங்களே கண்ணு, கால் வலிக்காதுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். உங்க ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். லேப்டாப்பைக் காட்டி, இதுதான் ஆபீஸ் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப இன்னிக்கு எங்கூட்டு வாசல்தான் ஆபீசு. நான் வாட்ச்மேனுங்களா?"

மறுநாள் நான்கு மணிக்கு நான் இறங்கிப் போனபோது நாற்காலி தயாராக இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. ஆறு வீட்டிலும் சொல்லி வைத்துவிட்டார். நான் பேசுகிற ஒரு மணி நேரம் யாரும் அம்மி அரைக்கமாட்டார்கள், டிவி போடமாட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்து எந்நேரமும் ரேடியோ கேட்கிறவர். என்னைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். அவர் அதே எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏணி போட்டு ஏறி, ஏணி சறுக்கி விழுந்தவர். இடுப்பு எலும்பு உடைந்து, தடி ஊன்றி நடக்கிறார். ஒரு வருடமாக வேலை இல்லை. அக்கா ஒருத்தியின் உழைப்பில்தான் குடும்பம் ஓடியது. வேலை இருக்கிற வரைதான் வீடு, அதுதான் எஸ்டேட் வழக்கம். "எங்கம்மா இந்த எஸ்டேட்ல பழம் பறிச்சாங்க. நான் பொறந்ததே இந்த ஊட்டுலதானுங்க கண்ணு" என்று அக்கா ஒருநாள் சொன்னார். வாசலில் கிறிஸ்துமஸுக்கு ஒரு காகித நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். சிவப்புக் காகிதம், உள்ளே பல்பு. என் மீட்டிங்கில் எனக்குப் பின்னால் அது தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறதே, எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் பங்களாவில் என்று பெருமையாகச் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது இப்போது.

மூன்றாவது வாரம், ஒரு முக்கியமான மீட்டிங். ஆறு மாத வேலையை நான்தான் விளக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து மலையெல்லாம் பனிமூட்டமும் தூறலும். பங்களாவில் வழக்கம்போல் நான்கு மணிக்கு லைன் போயிற்று. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா வாசலிலும் சிக்னல் ஒரு புள்ளிதான். நான் சொல்வது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிடத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். என் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, மலையில் போய் உட்கார்ந்தால் இப்படித்தான் என்றார். அதை என்னால் தாங்கவே முடியவில்லை. ஐந்து மணிக்கு லைன் வந்தது. உடனே பெங்களூர் முதலாளியைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். என் காதில் அது இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

"சார், லைன் தொல்லை தாங்க முடியலை."

"என்னாச்சு மேடம்?"

"என்னாச்சா? தினமும் நாலு மணிக்கு, கரெக்டா நான் வேலை பார்க்கிற நேரம் பார்த்து. உங்க ரைட்டர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"எந்த இடத்துல மேடம் பிரச்சினை?"

எனக்கு என்ன தெரியும். கம்பத்திலிருந்து வருகிற ஒயர் முதல் வீட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பழுது அங்கேதான் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். "கீழே முதல் வீடு இருக்கே, அங்கேதான். தினமும் நான் அங்கே போய் நின்னு கத்த வேண்டியிருக்கு" என்றேன்.

"முதல் வீடா? எனக்கே ரொம்ப நாளா அதுல ஒரு யோசனை இருந்துச்சு மேடம்."

"இந்த ஒட்டுவேலை எல்லாம் வேண்டாம் சார். முழுசா எடுத்துட்டு வேற போடுங்க. இல்லைன்னா நான் காலி பண்றேன்."

"நீங்க ஏன் மேடம் காலி பண்றீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடறோம்."

அப்பாடா என்றிருந்தது. இந்த ரைட்டருக்கு இருக்கிற சோம்பேறித்தனம் முதலாளிக்கு இல்லையே என்று பாராட்டினேன். அன்றைக்கு இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

அடுத்த இரண்டு நாள் எனக்கு மீட்டிங் இல்லை. வெளிநாட்டில் ஏதோ விடுமுறை. நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள், முதலாளி சொல்லுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற கேபிள்காரரை நானே போன் போட்டு வரவழைத்தேன். ஒயரையெல்லாம் பார்த்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார். லைன் சுத்தமாக இருக்கிறது என்றார். நாலு மணிவரை இருந்து பாருங்கள் என்று உட்காரவைத்தேன். நான்கு அடித்தது. எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் உறுமியது. அறையில் இருந்த பல்பு மங்கியது. மோடத்தில் பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

"இதானுங்க சங்கதி. மோட்டார் போட்டதும் கரண்ட் எறங்குது, பெட்டி ஆஃப் ஆகுது. இந்த மோட்டாரு யாருக்குத் தண்ணி ஏத்துதுங்க?"

எனக்குத்தான். பங்களா மொட்டைமாடித் தொட்டிக்கு. வந்த முதல் நாளே, சாயங்காலம் நான் குளிப்பேன், தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கவேண்டும் என்று ரைட்டரிடம் சொன்னவளும் நான்தான். மூன்று வாரமாக நானே கேட்டு வாங்கிய தண்ணீரால் என் இன்டர்நெட் போயிருக்கிறது, நான் ஊரையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு ஒரே சிரிப்பு. இதை அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? கேபிள்காரரை அனுப்பிவிட்டுக் கீழே ஓடினேன்.

நாற்காலி வாசலில் இல்லை. வாசலில் கட்டில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பாத்திரங்கள் ஒரு சாக்கில், துணிமணி ஒரு போர்வை மூட்டையில். ரேடியோ மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் நட்சத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். தடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்ததில் அது ஒரு முனையில் கிழிந்துவிட்டது. மற்ற வீடுகளில் கதவுகள் சாத்தியிருந்தன.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். அவர் கையில் என் சார்ஜர் இருந்தது. போன வாரம் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதை ஒயரைச் சுற்றிப் பத்திரமாக என்னிடம் கொடுத்தார்.

"எங்க மேல ஏதாச்சும் குத்தங்கொறை இருந்திருந்தா, எங்கிட்டயே சொல்லியிருக்கலாமுங்களே மேடம்."

இதுவரை கண்ணு என்றே கூப்பிட்டவர், மேடம் என்றார். முதல் தடவையாக. அது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. என்ன அக்கா சொல்கிறீர்கள், எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ரைட்டர் வந்து சொன்னாருங்க. பங்களா மேடத்துக்கு லைன் தொல்லை தாங்க முடியலையாமா. மொத ஊடுன்னு அடையாளமும் சொன்னீங்களாமா. தெனமும் வந்து நின்னு கத்தறீங்களாமா. முழுசா எடுத்துரச் சொல்லிட்டீங்களாமா. ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணோணும்னு மொதலாளி உத்தரவுங்க."

ஒவ்வொன்றும் நான் சொன்ன வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரைட்டர் முதல் நாள் கை காட்டியது மின்கம்பத்தை இல்லை, இந்த வீடுகளை. தொழிலாளர் குடியிருக்கிற இந்த வரிசை வீடுகளுக்கு எஸ்டேட்டில் பெயரே லைன். எந்த எஸ்டேட்டில் கேட்டாலும் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மூன்று வாரம் அவர்கள் வாசலில் உட்கார்ந்து அவர்கள் காப்பியைக் குடித்த எனக்கு அது தெரியவில்லை.

அக்கா, நான் சொன்னது இன்டர்நெட் லைனை, உங்களை இல்லை என்று உளறினேன். அவர் கேட்டுக்கொண்டே பாத்திரச் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டினார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். தலைச்சோலை கிராமத்தில் தம்பி வீடு இருக்கிறதாம். ஒற்றை அறை, ஏற்கெனவே ஐந்து பேர். அங்கிருந்து காலையில் வேலைக்கு வந்து சேர பஸ் கிடையாது. ஆக வீட்டோடு வேலையும் போனது.

நான் ரைட்டரிடம் போனேன். நடந்து போகவில்லை, பறந்தேன். பழம் எடை போடுகிற கொட்டகையில் பத்துப் பேர் நிற்க, அத்தனை பேர் எதிரிலும் கத்தினேன். ஒரு வார்த்தை என்னிடம் வந்து கேட்டிருக்கக்கூடாதா, அந்த அம்மா எனக்கு என்ன தொல்லை கொடுத்தார் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக்கூடாதா என்றேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

"லைன்னா எங்களுக்கு லைன் ஊடுதானுங்க. உங்க இன்டர்நெட்டை நாங்க வொய்ஃபைன்னு சொல்லுவோமுங்க."

அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். அந்தக் கொட்டகையில் சிக்னல் இருந்தது, அதுவும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆள் சிரித்தார். "ஓ, இன்டர்நெட் லைனா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சரி, தப்பு புரிந்துவிட்டது, நிறுத்திவிடுவார் என்று நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"பரவாயில்லை விடுங்க மேடம். எப்படியும் அந்த வீட்டை எடுக்கணும்னுதான் இருந்தேன். புருஷன் வேலைக்கு வர்றதில்லை. ஒரு ஆள் வேலைக்கு ஒரு வீடு எப்படிக் கொடுக்கிறது? காட்டேஜா மாத்திட்டா உங்களை மாதிரி ஆளுங்க வந்து தங்கலாம்."

புருஷன் வேலைக்கு வருவதில்லையாம். உன் மிளகுக்கு, உன் ஏணியில் ஏறி விழுந்தவன் எப்படியடா வேலைக்கு வருவான் என்று என் வாய்வரை வந்தது. அதைவிட அந்த "உங்களை மாதிரி ஆளுங்க"தான் எனக்குத் தீயாகச் சுட்டது. பங்களாவைக் கட்டியவனும் லைனைக் கட்டியவனும் ஒரே வெள்ளைக்காரன். அதே கல், அதே காலம். ஒன்றை விளம்பரத்தில் பாரம்பரியம் என்கிறார்கள். இன்னொன்றில் குடியிருப்பவர்களை மூன்று நாளில் வெளியே போ என்கிறார்கள். காலியானதும் அதற்கும் பாரம்பரியம் என்று பலகை மாட்டுவார்கள். நான் போய்த் தங்குவேன். ஜன்னலைப் படம் எடுத்துப் போடுவேன்.

கத்தி எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று அந்த ஆளின் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நியாயம், பாவம், புண்ணியம் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. கடைசியாக என்னிடம் இருந்த ஒன்றை எடுத்தேன். தை மாதம் முழுக்க என் ஆபீசைச் சேர்ந்த பதினொரு பேர் அந்தப் பங்களாவில் வந்து தங்குவதாகப் பேச்சு. நான் சொல்லித்தான் வருகிறார்கள். அந்தக் குடும்பம் வெளியே போனால் ஒருத்தரும் வரமாட்டார்கள், நடந்தது முழுவதையும் இன்டர்நெட்டில் எழுதுவேன் என்றேன். அந்த ஆளின் சிரிப்பு அதோடு நின்றது.

"கோபப்படாதீங்க மேடம். இதெல்லாம் பெரிய விஷயமா? இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் நல்லபடியா ஒரு ரெவ்யூ எழுதிடுங்க."

ஐந்து நிமிடத்தில் ரைட்டருக்குப் போன் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது. ஒரு குடும்பம் ஐம்பது வருடமாக இருந்த வீட்டை விட்டுப் போவதற்கு என்னுடைய ஒரு போன் போதுமானதாக இருந்தது, திரும்பி உள்ளே போவதற்கும் என்னுடைய ஒரு போன் போதுமானதாக இருந்தது. போகச் சொன்னபோதும் அந்த அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இருக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை. வீடு மீண்டதும் என் கோபம் தணிந்திருக்கவேண்டும். அப்போதுதான் அது அதிகமாயிற்று.

நான் ரைட்டரோடு கீழே போனேன். அவர் வாசலில் நின்று சொன்னதையும் மறக்க முடியவில்லை. "மேடம் மனசு வெச்சுட்டாங்க. ஊடு உங்களுக்குத்தான். போய் அவங்களைக் கும்புட்டுக்கோ" என்றார்.

அக்கா இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர். என் மீட்டிங்குக்காகக் கோழி விரட்டியவர். ஐயோ அக்கா என்று அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். நடந்ததையெல்லாம் மறுபடி ஆதியோடந்தமாகச் சொன்னேன். லைன் என்றால் எங்கள் ஊரில் ஒயர், போன், இன்டர்நெட் எல்லாம்தான் என்றேன். நான்கு மணி மோட்டாரையும் சொன்னேன். என்னை நாலு வார்த்தை திட்டுங்கள் என்று கேட்கவே கேட்டேன். அவர் திட்டவில்லை. அவருடைய வீட்டுக்காரர்தான், கிழிந்த நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வார்த்தையிலதான் எங்க ஊடு நின்னுட்டு இருந்துச்சுங்களா?"

கட்டிலின் ஒரு முனையை நான் பிடிக்க, இன்னொரு முனையை அக்கா பிடிக்க, உள்ளே கொண்டுபோய்ப் போட்டோம்.

அடுத்த நாளிலிருந்து மோட்டாரைக் காலையிலேயே போட்டுவிடச் சொன்னேன். இன்டர்நெட் அதன்பிறகு ஒருநாள்கூடப் போகவில்லை. மீட்டிங்குக்காகக் கீழே போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனேன். நான்கு மணிக்கு அந்த நாற்காலி துடைத்துப் போட்டே இருந்தது. காப்பியும் வந்தது. முன்பு அக்கா பக்கத்தில் படியில் உட்கார்ந்து பேசுவார், இப்போது கதவோரம் நின்றார். நான் உட்காருங்கள் என்றால் "இருக்கட்டுங்க மேடம்" என்றார். கோழி குறுக்கே வந்தால் திடுக்கிட்டு விரட்டினார். ஆறு வீட்டிலும் நான் தலை காட்டினாலே சத்தம் அடங்கியது. முன்பும் அடங்கியதுதான். அன்றைக்கு எனக்காக அடங்கினார்கள், இப்போது எனக்குப் பயந்து அடங்கினார்கள். நாலு நாள் பார்த்தேன். அதன்பிறகு நான் கீழே போவதை நிறுத்திக்கொண்டேன்.

தை மாதம் என் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்ல ஆசைதான், சொன்னால் அந்த வீடு போய்விடுமே. அவர்களுக்குப் பங்களாவை நானே சுற்றிக் காட்டினேன். முதலாளி கேட்டபடி ரெவ்யூவும் எழுதினேன். அமைதியான இடம், அன்பான மனிதர்கள், ஐந்து நட்சத்திரம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோபத்தோடு யாரையும் பாராட்டியது கிடையாது. அந்த ஐந்து நட்சத்திரம் இன்றைக்கும் இன்டர்நெட்டில் இருக்கிறது. நான் அதை எடுக்கமாட்டேன். மாதம் ஒரு தடவை ரைட்டருக்குப் போன் செய்து, முதல் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்பேன். இருக்காங்க மேடம் என்பார்.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அக்கா பஸ் நிற்கிற இடம்வரை வந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தில் மிளகு கட்டிக் கொடுத்தார். பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. குளிர், பழம் பறிப்பு, என் அம்மாவின் உடம்பு என்று என்னென்னவோ பேசினோம். ஒரே ஒரு தடவை, தவறியாவது அந்தப் பழைய வார்த்தையைச் சொல்லிவிடமாட்டாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. என் பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்தார்.

"பாத்துப் போய்ட்டு வாங்க மேடம்."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் இருந்துவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இன்டர்நெட் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊரிலும் யாராவது மரியாதையாக என்னை மேடம் என்று கூப்பிட்டால், உடனே எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. ஒரு காலத்தில் நானும் ஒரு வாசலில் கண்ணுவாக இருந்தவள், அதை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டவள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்துவிடுகிறது.